நட்சத்திர வீரரை ஒரு கிளப் எந்தத் தொகையும் வாங்காமல் விடுவிப்பது ஏன்?

நெடுநாள் ரசிகர் எழுதியது:

வணக்கம். கால்பந்தைப் பல ஆண்டுகளாக விடாமல் பார்த்துவரும் எனக்கு ஒரு விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அணியின் முகமாக இருந்த ஒரு வீரரை, அவருடைய பெயர் பொறித்த சட்டையுடன் ஆயிரக்கணக்கானோர் அரங்கில் அமர்ந்திருக்கும் காலத்திலேயே, ஒரு தொழில்முறை கிளப் விடுவித்துவிடுகிறது. அதற்கு ஈடாக ஒரு காசும் வாங்குவதில்லை. 2011-ஆம் ஆண்டில் ஏசி மிலன் ஆண்ட்ரியா பிர்லோவை அப்படித்தான் போக விட்டது. 2020-இல் பார்சிலோனா லூயிஸ் சுவாரஸை, உறுதியான தொகை எதுவும் இல்லாமல், பின்னால் சில நிபந்தனைகள் நிறைவேறினால் அதிகபட்சம் 60 லட்சம் யூரோ என்ற ஏற்பாட்டில் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்குக் கொடுத்தது. பார்சிலோனாவுக்காக 198 கோல்கள் அடித்தவர் அவர். இருவரும் போய்ச் சேர்ந்த முதல் பருவத்திலேயே புதிய கிளப் லீக் பட்டத்தை வென்றது என்பதை நினைக்கும்போது, விடுவித்தவர்கள் எதைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பணம் இல்லை, வயதாகிவிட்டது என்ற இரண்டு பதில்களையே எங்கும் கேட்கிறேன். அவை முழுப் பதிலாக எனக்குத் தோன்றவில்லை. பணமில்லாத கிளப் வீரரை விற்றுப் பணம் பார்க்கத்தானே முயல வேண்டும்? ஒப்பந்தக் காலம் மிச்சமிருக்கும் வீரரைக்கூடச் சில நேரம் அனுப்பிவிடுகிறார்களே, அதற்கு விதிகள் இடம் தருகின்றனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு விடுவிப்பு சரியானதா தவறானதா என்பதை, அடுத்த பருவம் முடியும்வரை காத்திராமல், அறிவிப்பு வந்த அன்றைக்கே ஓரளவு கணிக்க வழி இருக்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கணக்கேடு எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லலாம். அதற்கு முன் இரண்டு வகைப் பிரிவுகளை வேறுபடுத்திக்கொள்வது நல்லது. 2024-இல் கிலியன் எம்பாப்பே பாரிஸ் சான் ஜெர்மானை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோதும், புதிய கிளப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் இடமாற்றத் தொகை கைமாறவில்லை. ஆனால் அங்கே புதுப்பிக்க மறுத்தவர் வீரர். நீங்கள் கேட்பது, கிளப்பே வேண்டாம் என்று முடிவெடுப்பதைப் பற்றி.

ஒரு வீரரை வாங்கக் கொடுக்கும் தொகையைக் கிளப்புகள் அந்த ஆண்டின் செலவாக மொத்தமாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு எழுதுகின்றன. 10 கோடி யூரோ கொடுத்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், ஆண்டுக்கு 2 கோடி செலவாகப் பதிவாகும். மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு ஏட்டில் அவருடைய மதிப்பு 4 கோடி. அப்போது அவரை 2.5 கோடிக்கு விற்றால், கையில் பணம் வந்தாலும் கணக்கில் 1.5 கோடி நட்டமாகத்தான் நிற்கும். நட்டத்தைக் காட்டத் தயங்கும் நிர்வாகம் விற்பனையைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடப் போட, வாங்க வருபவர் கொடுக்கும் விலை இன்னும் குறைகிறது. ஐந்தாம் ஆண்டு முடியும்போது ஏட்டு மதிப்பு பூஜ்யமாகிவிடுவதால், அன்று அவரை விடுவித்தால் நட்டம் என்ற ஒன்று கணக்கிலேயே வராது. ரசிகர்களுக்கு ஈடு செய்ய முடியாத இழப்பாகத் தெரிவது, ஏட்டில் இழப்பாகவே தெரியாமல் போவது இப்படித்தான். இதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நிர்வாகக் குழுவின் மேசையில் இருப்பது இந்த ஏடுதான்.

சம்பளம் இதைவிடப் பெரிய முடிச்சு. 27 வயதில் காட்டிய ஆட்டத்துக்கு 31 வயதில் ஒப்பந்தம் எழுதுவது கால்பந்தில் வழக்கமாக நடப்பது. ஆட்டம் சற்றே இறங்கியதும், வெளியிலிருந்து வரும் எந்தக் கிளப்பும் இடமாற்றத் தொகையையும் கொடுத்து, அதே சம்பளத்தையும் கொடுக்க முன்வராது. வீரரோ குறைந்த சம்பளத்துக்கு வேறிடம் போகக் கடமைப்பட்டவர் அல்லர். கையெழுத்திட்ட தொகையைக் கேட்பது அவருடைய உரிமை. அந்த நிலையில் ஒன்றும் வாங்காமல் விடுவதே கிளப்புக்கு மலிவான வழியாகிவிடுகிறது.

பியர்-எமெரிக் ஒபமெயாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 1 அன்று நடந்த எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்சிக்கு எதிராக ஆர்சனலின் இரண்டு கோல்களையும் அடித்தவர் அவர். அடுத்த மாதமே, 31 வயதில், மூன்றாண்டுப் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021 டிசம்பரில் ஒழுங்கு மீறல் காரணமாக அவரிடமிருந்து தலைமைப் பொறுப்பு பறிக்கப்பட்டது. 2022 பிப்ரவரி 1 அன்று, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே, இருதரப்பு ஒப்புதலுடன் அவர் விடுவிக்கப்பட்டு பார்சிலோனாவில் சேர்ந்தார். மார்ச் மாதம் ரியல் மாட்ரிட்டின் சொந்த அரங்கில் பார்சிலோனா 4-0 என்று வென்றபோது இரண்டு கோல்கள் அவருடையவை. ஆட்டத் திறன் தீர்ந்துபோனதால் அவர் அனுப்பப்படவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. என்னுடைய கருத்து இதுதான்: விடுவிப்பு என்ற முடிவு, அறிவிப்பு வெளிவரும் நாளில் எடுக்கப்படுவதில்லை; கடைசி ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலேயே அதன் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது.

கிளப் தானே விரும்பினாலும் வைத்துக்கொள்ள முடியாத நிலைமையும் உண்டு. வீரர்கள், பயிற்சியாளரின் சம்பளம், இடமாற்றச் செலவு, முகவர் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருவாயில் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபாவின் வரம்பு 2025-26 பருவம் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லிகா தனியாக ஒவ்வொரு கிளப்புக்கும் செலவு வரம்பு விதிக்கிறது. 2021 ஜூன் 30 அன்று லியோனல் மெஸ்ஸியின் ஒப்பந்தம் முடிந்தபோது, அவரும் பார்சிலோனாவும் தொடரவே விரும்பினார்கள். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் கிளப்பின் கடன் 135 கோடி யூரோ. மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருவாயில் 110 விழுக்காடு, சேர்க்காவிட்டாலும் 95 விழுக்காடு என்று தலைவர் ஜோன் லாபோர்ட்டா அப்போது விளக்கினார். ஆகஸ்ட் 5 அன்று கிளப் பிரிவை அறிவித்தது. 10-ஆம் தேதி அவர் பாரிஸில் கையெழுத்திட்டார். உலகின் மிகச் சிறந்த வீரர், ஒரு யூரோ இடமாற்றத் தொகைகூட இல்லாமல் போனார். அதற்கான காரணத்தை 2021-இல் தேடுவதைவிட, அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் மற்ற வீரர்களுக்குக் கொடுத்த தொகைகளிலும் எழுதிய ஒப்பந்தங்களிலும் தேடுவதே சரி.


விதிநூல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிகளின்படி, தொழில்முறை வீரருடனான ஒப்பந்தம் காலம் முடிந்தோ இருதரப்பும் ஒப்புக்கொண்டோதான் முடிவுக்கு வர வேண்டும். பருவத்தின் நடுவே ஒரு தரப்பு மட்டும் தன் விருப்பப்படி அதை முறிக்க முடியாது. தக்க காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆட்டம் சரியில்லை, பயிற்சியாளருக்குப் பிடிக்கவில்லை என்பவை தக்க காரணங்கள் ஆகா.

காரணமின்றிக் கிளப் முறித்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும். வீரருக்கு வேறு வேலை கிடைக்காவிட்டால், மிச்சமிருந்த ஒப்பந்தத்தின் முழு மதிப்பே அடிப்படைத் தொகை. அவர் வேறு கிளப்பில் சேர்ந்தால், அதே காலத்துக்கு அங்கே அவர் பெறும் ஊதியம் அதிலிருந்து கழிக்கப்படும். வீரரைத் தனியாகப் பயிற்சி செய்ய வைப்பது போன்ற தொல்லைகள் கொடுத்து, அவராகவே வெளியேறும்படி நெருக்கும் கிளப்புகளைக் கருதி 2018-இல் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: ஒரு தரப்பு வேண்டுமென்றே தவறாக நடந்து மறுதரப்பை ஒப்பந்தத்தை விடும்படி வற்புறுத்தினால், பாதிக்கப்பட்டவர் தக்க காரணத்துடன் விலகலாம். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தால், எழுத்துமூலம் 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளவும் வழி உண்டு.

இதனால்தான் செய்திகளில் 'பரஸ்பர ஒப்புதலுடன்' என்ற தொடரையே நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். 2022 நவம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோ, மான்செஸ்டர் யுனைடெட்டின் உரிமையாளர்களையும் மேலாளர் எரிக் டென் ஹாகையும் கடுமையாக விமர்சித்து ஒரு தொலைக்காட்சி நேர்காணல் கொடுத்தார். 346 ஆட்டங்களில் 145 கோல்கள் அடித்த வீரர் என்பதாலோ, அவருடைய ஒப்பந்தம் அடுத்த ஜூன் வரை இருந்தது என்பதாலோ கிளப் தயங்கவில்லை. 22-ஆம் தேதி இருதரப்பு ஒப்புதலுடன் உடனடியாகப் பிரிவதாக அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, எந்தக் கிளப்பையும் சேராதவராக உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகக் களமிறங்கி, ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆண் வீரரானார். ஒப்பந்தத்தில் ஏழு மாதங்கள் மட்டுமே மிச்சம் என்பது அந்தப் பேச்சுவார்த்தையை எளிதாக்கியிருக்கும். மூன்று ஆண்டுகள் மிச்சமிருந்தால் இவ்வளவு விரைவில் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

காலம் முடிந்த வீரருக்குத் தொகை கேட்க முடியாது என்பதும் எப்போதும் இருந்த விதியன்று. பெல்ஜிய வீரர் ஜான்-மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளிக்கும்வரை, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் விலை கேட்டுக்கொண்டிருந்தது. பிர்லோ கைவிட்டுப் போனதற்கு மிலனால் தொகை கேட்க முடியாததற்கு அந்தத் தீர்ப்பே அடிப்படை.


பின்நடுக்களம் எழுதியது:

முந்தைய இருவரும் சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் பிர்லோ விவகாரத்தைக் கணக்கேட்டாலோ விதிநூலாலோ விளக்கிவிட முடியாது. அதை விளக்குவது ஆடுகளம்தான்.

2001 முதல் பத்து ஆண்டுகள் மிலனுக்கு ஆடியவர் பிர்லோ; 2003, 2007 ஆகிய இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களில் பங்கு உள்ளவர். தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நின்று பந்தை வாங்கி, எதிரணியினர் நெருங்குவதற்குள் நாற்பது ஐம்பது மீட்டர் தூரத்தில் ஓடத் தொடங்கியிருக்கும் தோழரின் காலடிக்கு அனுப்புவது அவருடைய வேலை. 2010-இல் மாசிமிலியானோ அலெக்ரி பயிற்சியாளராக வந்ததும் அந்த இடத்துக்கான தேவையே மாறியது. அங்கே பந்தைப் பறிக்கும் வலுவான ஒருவர் வேண்டும் என்று அவர் கருதினார். 2011 ஜனவரியில் மார்க் வான் பொம்மெல் வந்து சேர்ந்தார். காயங்களால் பிர்லோ பல ஆட்டங்களைத் தவறவிட்ட அந்தப் பருவத்தில், மிலன் லீக் பட்டத்தையே வென்றுவிட்டது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் மட்டுமே என்ற கொள்கையும் அங்கே இருந்தது. பிர்லோவுக்கு அப்போது 32 வயது. பட்டம் வென்ற பயிற்சியாளர் வேறொருவரை நம்புகிறார், வீரரோ நீண்ட ஒப்பந்தம் கேட்கிறார் என்ற நிலையில், அந்த அறையில் இருந்த எவருக்கும் முடிவு எளிதாகவே தோன்றியிருக்கும்.

யுவென்டஸ் மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தது. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் ஏழாம் இடத்தில் முடித்த அணி அது. அன்டோனியோ கான்ட்டே அங்கே பிர்லோவின் இருபுறமும் ஓயாமல் ஓடக்கூடிய அர்துரோ விடாலையும் கிளாடியோ மார்கீசியோவையும் நிறுத்தினார். பிர்லோ செய்யாத ஓட்டத்தை அவர்கள் செய்தார்கள். பந்தைப் பறித்ததும் அவரிடம் கொடுத்துவிட்டு முன்னே பாய்ந்தார்கள். அவருடைய கால்கள் மிலனில் இருந்ததைவிட ஒரு வயது கூடியவைதான். சுற்றியிருந்த அமைப்புதான் வேறு. அந்த 2011-12 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் யுவென்டஸ் பட்டம் வென்றது, 84 புள்ளிகள். இரண்டாம் இடத்தில் 80 புள்ளிகளுடன் மிலன். பிர்லோ அங்கே இருந்த நான்கு பருவங்களிலும் பட்டம் யுவென்டஸுக்கே. மிலன் மீண்டும் பட்டத்தைத் தொட 2022 வரை ஆயிற்று. அதற்கு 2012-இல் இப்ராஹிமோவிச்சையும் தியாகோ சில்வாவையும் விற்றது உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு என்பதால், பழியை முழுவதும் இந்த ஒரு முடிவின் மேல் போட மாட்டேன்.

ஆகவே நெடுநாள் ரசிகரின் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: அறிவிப்பு வந்த அன்று வீரரின் வயதைப் பார்க்காதீர்கள். அவர் செய்துவந்த வேலையை நாளை முதல் யார் செய்யப்போகிறார்கள் என்று பாருங்கள். சுவாரஸ் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. புதிய பயிற்சியாளர் ரொனால்ட் கூமன் தொலைபேசியில் அழைத்து, திட்டத்தில் இடமில்லை என்று அவரிடம் தெரிவித்தார். ஆனால் பெனால்டி பகுதிக்குள் நின்று கோல் அடிக்கும் இன்னொரு ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் அந்தக் கோடையில் வாங்கப்படவில்லை. சுவாரஸ் அட்லெட்டிகோவுக்காக லீக்கில் 21 கோல்கள் அடித்தார். 2021 மே 22 அன்று வயாதோலித் அணிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் வெற்றிக் கோலும் அவருடையதே. அட்லெட்டிகோ 86 புள்ளிகள், ரியல் மாட்ரிட் 84, பார்சிலோனா 79.


நான்காம் முயற்சி எழுதியது:

அமெரிக்கக் கால்பந்தைப் பார்ப்பவர்களும் இங்கே இருப்பார்கள் என்பதால் ஒரு சிறு ஒப்பீடு. என்எஃப்எல் லீக்கில் 'விடுவித்தல்' என்பது சொல்லின் நேர்ப்பொருளிலேயே நடக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மிச்சமிருந்தாலும் அணி ஒரே நாளில் வீரரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். உத்தரவாதம் அளிக்கப்பட்ட தொகையை மட்டும் கொடுத்தால் போதும். ஐரோப்பியக் கால்பந்தில் காலம் முடியக் காத்திருப்பார்கள். என்எஃப்எல்லில் பெரிய தொகை உறுதியாகும் நாளுக்கு முன்பே முடிவெடுத்துவிடுவார்கள். 2012 மார்ச் 7 அன்று இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி பெய்டன் மேனிங்கை விடுவித்ததற்கு, மறுநாள் அவருக்குச் சேர வேண்டியிருந்த 2.8 கோடி டாலர் ஒரு முக்கியக் காரணம். கழுத்து அறுவைச் சிகிச்சையால் முந்தைய பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. புதிய வீரர் தேர்வில் முதல் வாய்ப்பும் கோல்ட்ஸிடம் இருந்தது. அவரோ டென்வர் புரோங்கோஸுக்குப் போய், 2013 பருவத்தில் 55 டச்டவுன் பாஸ்கள் என்ற சாதனை படைத்து, 2016 பிப்ரவரியில் நடந்த ஐம்பதாவது சூப்பர் பௌல் என்னும் லீக்கின் இறுதி ஆட்டத்தையும் வென்றார்.

கணக்கேடு விளக்கிய பங்கீட்டு முறை அங்கே தலைகீழாக வேலை செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. கையெழுத்திட்டபோது கொடுத்த ஊக்கத்தொகை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கும். இடையில் விடுவித்தால் மிச்சமெல்லாம் திரண்டு, லீக் அணிக்கு விதிக்கும் சம்பள வரம்புக்குள் வந்து விழும். 2024 மார்ச்சில் ரசல் வில்சனை விடுவித்த டென்வர், இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 8.5 கோடி டாலரை, களத்தில் இல்லாத ஒருவருக்காகத் தன் வரம்பில் சுமக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் விடுவித்தார்கள் என்றால், அவருடன் எழுதிய நீட்டிப்பு ஒப்பந்தமே தவறு என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்றுதான் பொருள்.


நெடுநாள் ரசிகர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விற்காமல் ஏன் விடுகிறார்கள் என்பது இப்போது தெளிவாகிறது. ஒன்றை மட்டும் மேலும் கேட்க விரும்புகிறேன். முடிவு சரியாகவே இருந்தாலும், அதைச் செய்யும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ரியல் மாட்ரிட்டில் 25 ஆண்டுகள் வளர்ந்து ஆடிய இக்கர் காசியாஸ், 2015 ஜூலையில் பத்திரிகையாளர்கள் முன் தனியாக அமர்ந்து, கண்ணீருடன் ஒரு தாளை வாசித்துவிட்டுப் போனார். கிளப்பின் சார்பில் அவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. கண்டனம் எழுந்த பிறகு மறுநாள் அரங்கில் கிளப் தலைவருடன் இரண்டாவது நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கணக்குக்கும் விதிக்கும் அப்பால் இந்த நடத்தைக்கு மதிப்பு உண்டா, அல்லது இது ரசிகர்களின் உணர்ச்சி மட்டும்தானா?


தெற்கு மேடை எழுதியது:

உணர்ச்சி மட்டுமன்று என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அணியில் இருக்கும் இளம் வீரர்கள், மூத்தவரை எப்படி அனுப்புகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் தங்கள் அடுத்த ஒப்பந்தத்தைப் பற்றி யோசிப்பார்கள்.

பின்நடுக்களம் பிர்லோவைப் பற்றி எழுதினார். அதே 2011-12 பருவத்தில் அதே யுவென்டஸ் தன் அணித் தலைவர் அலெஸாண்ட்ரோ டெல் பியரோவை விடுவித்தது. 1993 முதல் அங்கே ஆடியவர். கிளப் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட 2006-07 பருவத்திலும் விட்டுப் போகாமல் தங்கி, அந்தப் பிரிவில் 20 கோல்களுடன் அதிகக் கோல் அடித்தவராகத் திகழ்ந்தவர். 2011 அக்டோபரில் நடந்த பங்குதாரர் கூட்டத்திலேயே கிளப் தலைவர் ஆண்ட்ரியா அக்னெல்லி, இது டெல் பியரோவின் கடைசிப் பருவம் என்று அறிவித்துவிட்டார். இவ்வளவு முன்கூட்டியே, அதுவும் பங்குதாரர்கள் முன்னிலையிலா சொல்வது என்று பலர் வருந்தினார்கள். எனக்கும் அந்த இடம் பொருத்தமாகப் படவில்லை. ஆனால் அதனால் ஒரு நன்மை விளைந்தது. எஞ்சிய ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வந்தவர்கள், இன்னும் எத்தனை முறை அவரைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்தே வந்தார்கள். ஏப்ரலில் லாட்சியோவுக்கு எதிராக ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, ஃப்ரீ கிக்கில் அவர் அடித்த வெற்றிக் கோல் பட்டப் போட்டியில் எவ்வளவு முக்கியமானது என்பதை அந்தப் பருவத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

மே 13 அன்று அட்டலாண்டாவுக்கு எதிரான கடைசி லீக் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்துவிட்டு, 57-ஆம் நிமிடத்தில் அவர் மாற்றப்பட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது; பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மிகக் குறைவு. எழுந்து நின்ற கூட்டம் ஓயாததால் அவர் இருக்கையிலிருந்து எழுந்து, களத்தின் ஓரமாகவே அரங்கைச் சுற்றி நடந்தார். மேடைகளிலிருந்து எறியப்பட்ட கழுத்துத் துணிகளைக் குனிந்து எடுத்துக்கொண்டார். பின்னால் பந்து உருண்டுகொண்டிருந்தது.

ரியல் மாட்ரிட் 2021-இல் செர்ஜியோ ராமோஸைப் பிரிந்த விதம் இதற்கு நேர்மாறானது. பதினாறு பருவங்கள் ஆடிய அணித் தலைவர், ஓராண்டு நீட்டிப்பை ஏற்கிறேன் என்று சொன்னபோது, அந்த வாய்ப்புக்கான காலம் முடிந்துவிட்டதாகத் தமக்குப் பதில் வந்தது என்று விடைபெறும் நிகழ்ச்சியிலேயே கூறினார். அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் அவர் காயத்துடன் இருந்தார் என்பதால், பிரிந்த முடிவைக் குறை சொல்வது கடினம். ஒரு காலக்கெடு இருக்கிறது என்பதை அணித் தலைவரிடம் தெளிவாகச் சொல்லாதது மட்டும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.


பின்நடுக்களம் எழுதியது:

ஒரே ஆண்டில் 32 வயது பிர்லோவுக்கு மூன்றாண்டு கொடுத்த கிளப், 37 வயது டெல் பியரோவுக்கு ஓராண்டுகூட நீட்டிக்கவில்லை என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேயும் வயது மட்டும் காரணமாக இல்லை. கான்ட்டேயின் அமைப்பில் பிர்லோவின் வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை. டெல் பியரோவின் வேலையைப் பலர் பகிர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். அவர் போன பிறகும் அடுத்தடுத்து பட்டங்கள் வந்தன. அவர் அணிந்த பத்தாம் எண் சட்டை ஒரு பருவம் யாருக்கும் தரப்படாமல் இருந்து, 2013-இல் கார்லோஸ் தெவேஸுக்குப் போனது.


கணக்கேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். கூடவே, டெல் பியரோ கடைசியாகக் கையெழுத்திட்டது ஓராண்டு ஒப்பந்தம். ஒபமெயாங்கின் மூன்றாண்டையும் இந்த ஓராண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவரை மரியாதையுடன் அனுப்ப முடிந்ததற்கும் மற்றவரைப் பேரம் பேசி அனுப்ப வேண்டியிருந்ததற்கும் காரணம் புரியும். மூத்த வீரருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்து கௌரவிக்கிறோம் என்று நினைக்கும் நிர்வாகங்கள், பெரும்பாலும் அவருடைய கடைசி ஆண்டைக் கசப்பாக்கிவிடுகின்றன.


விதிநூல் எழுதியது:

நெடுநாள் ரசிகர் நடைமுறையில் கவனிக்கக்கூடிய ஒரு தேதியையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் முடிய ஆறு மாதங்களோ அதற்குக் குறைவோ இருக்கும்போது, வீரர் வேறு கிளப்புடன் முன்கூட்டியே கையெழுத்திட ஃபிஃபா விதிகள் அனுமதிக்கின்றன. ஐரோப்பாவின் பெரிய லீக்குகளில் ஒப்பந்தங்கள் பொதுவாக ஜூன் 30 அன்று முடிவதால், ஜனவரி 1 முதல் வெளிநாட்டுக் கிளப்புகள் அவரிடம் நேரடியாகப் பேசலாம். ஒரே நாட்டுக் கிளப்புகளுக்கு இடையே சில நாடுகளில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்த ஜனவரிக்குள் கிளப் தன் முடிவை வீரரிடம் சொல்லிவிட்டால், அவருக்குப் புதிய இடம் தேட அரை ஆண்டு கிடைக்கிறது. 2025-இல் பயர்ன் மியூனிக், சிறு வயது முதல் அங்கேயே வளர்ந்து 13 பன்டெஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டங்கள் வென்ற தாமஸ் முல்லரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று ஏப்ரலில்தான் அறிவித்தது. இது தம்முடைய விருப்பத்தின்படி நடந்ததன்று என்று அவரும் வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்டில் அவர் வான்கூவர் ஒயிட்கேப்ஸில் சேர்ந்தார். உங்கள் கிளப்பின் நட்சத்திர வீரருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்பதைப் பார்த்துவைத்து, அதற்கு முந்தைய டிசம்பர் வரை நீட்டிப்பைப் பற்றி ஒரு செய்தியும் வராவிட்டால், அறிவிப்பு எந்த மாதத்தில் வந்தாலும் முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.